உப்புதான், பயமில்லை என்று நான் சொன்ன நாள்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு எழுத வராது. கோட்டைக்குப்பத்தில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார் எதிரில் உட்கார்ந்து, நான் பேசப் பேச ஓலையில் எழுதுகிறார். நான் வைகிற வார்த்தைகளை எல்லாம் விட்டுவிட்டு எழுதுகிறாராம். அப்படியானால் பாதி போய்விடுமே என்றேன். மீதிப் பாதி போதும் என்கிறார். ஆகவே, படகுத் துறைக்குப் புதிதாகக் கழி பிடிக்க வந்திருக்கும் நீங்கள் இதைக் கேட்கும்போது, நடுநடுவே வசவு இருந்ததாக நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

நேற்று நடந்ததை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். முழங்கால் தேய்ந்ததே தவிர கண் போகவில்லை. மூன்று நாளாக விடாத மழை. ஆற்றுவாயில் செந்தண்ணீர் சுழித்துக்கொண்டு போகிறது. அக்கரைக்குப் போயே ஆகவேண்டும் என்று ஒரு ஜவுளிக்காரர் கரையில் நின்று கத்துகிறார். உங்களில் ஒருவன், பேர் சொல்லமாட்டேன், அவனுக்கே தெரியும், படகை அவிழ்த்துவிட்டான். ஏன்டா என்று கேட்டால், "இன்னா பண்றது நைனா, ஒரே பேஜார் பண்றாரு" என்கிறான். பண்ணட்டுமே. முப்பத்திரண்டு வருஷம் இந்தத் துறையில் கழி ஊன்றியிருக்கிறேன். என்னிடம் கத்தாத ஆள் பழவேற்காட்டில் கிடையாது. கோட்டையில் இருக்கும் உலாந்தா வெள்ளைக்காரர்கள் அவர்கள் பாஷையில் கத்துவார்கள். அதைத் துபாசி தமிழில் சொல்லும்போது தன் பங்குக்கும் கொஞ்சம் காரம் சேர்த்துக் கத்துவார். நான் படகின் முனையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். ஒருவரும் எங்கேயும் கெட்டுப்போகவில்லை.

அப்புறம் இந்த ‘முட்டித் தண்ணிதானே’ என்கிற பேச்சு. நிற்கிற தண்ணீரில் முட்டி என்றால் முட்டி. ஓடுகிற தண்ணீரில் முட்டி என்றால் அது இடுப்பு. காலடியில் மணல் அரிக்க அரிக்க அது கழுத்து. ஒரு தடவை சாயக்காரர் ஒருவர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, "நேத்துகூட இப்டிதான் போனேன்" என்று ஓடையில் இறங்கினார். நேற்று ஓடிய தண்ணீர் வேறு, இன்றைக்கு ஓடுவது வேறு என்று நான் சொல்லி முடிப்பதற்குள் ஆள் மல்லாந்துவிட்டார். குடுமியைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டேன். எழுந்து உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, என் செருப்பு எங்கே. இப்படிப்பட்டவர்களோடுதான் உங்கள் காலம் ஓடப்போகிறது. இப்போதே மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

இன்னொரு கூட்டம் வானத்தைப் பார்க்கும். "வெளுத்துடுச்சி, இனிமே ஒண்ணுமில்ல" என்று துண்டை உதறிக்கொண்டு கிளம்பிவிடும். நம் தலையில் பெய்கிற மழையால் நனைவதைத் தவிர நமக்குப் பெரிய ஆபத்து கிடையாது. மேற்கே எவனோ ஒருவன் தலையில் பெய்து, அவன் ஊர் ஏரியை உடைத்து, அவன் கழனியை முழுக்கி, ஆற்றோடு ஒரு நாளோ இரண்டு நாளோ நடந்து வருகிறதே, அதுதான் நமக்கு மழை. அது வந்து சேரும்போது இங்கே வெயில்கூட அடிக்கும். இதை எத்தனை தடவைதான் சொல்வது.

சரி. இதெல்லாம் மற்றவர்கள் செய்த முட்டாள்தனம். அதைப் பேச எனக்கு வாத்தியார் தேவையில்லை. துறையில் உட்கார்ந்து நாள் முழுக்கப் பேசுவேன். நான் செய்ததைச் சொல்லத்தான் இவரைக் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறேன்.

நம் துறையில் நாக்குப் பார்ப்பது என்று ஒரு வழக்கம் உண்டு. நீங்களும் செய்கிறீர்கள். மழைக்காலத்தில் விடிந்ததும், படகு கட்டும் கம்பத்தருகே முழங்கை ஆழத்தில் கையை விட்டுத் தண்ணீரை மொண்டு ஒரு வாய் வைத்துப் பார்ப்போம். நம் ஏரி உப்பு. மேலாகப் பெய்த மழையால் மேல் தண்ணீர் சப்பென்று ஆகும், ஆனால் முழங்கை ஆழத்தில் உப்பு நிற்கும். ஆறு இறங்கி வந்துவிட்டால் அந்த உப்பும் செத்துப்போய், வாயில் சேற்று வாடை வரும். கரித்தால் ஆறு வரவில்லை, படகு ஓடலாம். கரிக்கவில்லை என்றால் தண்ணீர் திரும்பிவிட்டது. படகைக் கட்டிவிட்டு, தாழ்ந்த இடத்தில் இருக்கிறவர்களை மேட்டுக்கு ஏற்ற வேண்டும். எனக்கு முன்னால் கழி பிடித்தவர்களும் இப்படித்தான் செய்தார்கள். பொய்த்ததில்லை என்று சொல்லிச் சொல்லியே எங்கள் மூளை வேலை செய்வதை நிறுத்திவிட்டது.

நான் கழி பிடித்த காலத்தில் முகத்துவாரத்துக்கு உள்பக்கம் ஒரு மணல்திட்டு இருந்தது. ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் கடல், நடுவில் ஆள் உயரம்கூட இல்லாத மணல். ஐப்பசி, கார்த்திகையில் நம் ஆட்கள் குடும்பத்தோடு அங்கே போய்க் குடிசை போட்டு இறால் பிடிப்பார்கள். ஆற்றுத் தண்ணீர் ஏரியில் கலக்க ஆரம்பித்ததும் இறால் கூட்டம் கூட்டமாகக் கடலைப் பார்த்துக் கிளம்பும். திட்டை ஒட்டிய கால்வாயில் குச்சி நட்டு வலை கட்டினால் அள்ளி மாளாது. அதாவது, எந்த நேரத்தில் அந்த இடத்தை விட்டு ஓடி வரவேண்டுமோ, சரியாக அந்த நேரத்தில்தான் வலை நிறையும். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. யார்மேல் எரிச்சல்படுவது என்று தெரியாததால் இன்னும் அதிகமாக வருகிறது.

அந்த வருஷம் திட்டில் பதினாலு பேர். அவர்களுக்குத் தலைமை என் தங்கை எல்லம்மாவின் புருஷன். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவோம். நல்ல உழைப்பாளி, பிடிவாதக்காரன். மழை பிடித்ததும் நான் போய், சீக்கிரம் கிளம்பி வந்துவிடுங்கள் என்றேன்.

"மச்சான், நீ நாக்குப் பாத்து, தண்ணி திரும்பிடுச்சினு சொல்லு. மறுபேச்சு பேசாம ஏறி வந்துர்றேன். அதுக்கு முன்னால எவன் வந்து கூப்ட்டாலும் வரமாட்டேன்" என்றான்.

நானும் சரி என்றேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது. பதினாலு பேர் என் நாக்கை நம்பி உட்கார்ந்திருக்கிறார்கள் அல்லவா.

ஆறு நாள் பெய்தது. ஏழாவது நாள் விடியும்போது மழை விட்டுவிட்டது. கடல் பக்கமிருந்து மட்டும் பலத்த காற்று, நிற்காமல். கம்பத்தருகே போய் நாக்குப் பார்த்தேன். உப்பு. வழக்கத்தைவிட அதிகமாகவே கரித்தது. ஆறு நாள் மழைக்கு அப்புறம் ஏன் அதிகமாகக் கரிக்க வேண்டும் என்று ஒரு கேள்வி எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. அப்பாடா என்று துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில், திட்டிலிருந்து அரிசி வாங்க ஒருவன் கட்டுமரத்தில் வந்தான். எல்லம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். "குடிசைத் தரையில தண்ணி ஊறுதாம். கொழந்தைங்கள கூட்டிகினு வந்துரட்டுமானு அண்ணன கேட்டுகினு வரச் சொல்லிச்சி" என்றான்.

"உப்புதான், பயமில்ல. இன்னும் ரெண்டு நாள் தாங்கும்னு சொல்லு" என்றேன். அவன் அரிசியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

பார்த்தீர்களா, அவள் கேட்டாள். குடிசைத் தரையில் தண்ணீர் ஊறுவதைக் கண்ணால் பார்த்தவள் கேட்டாள், இங்கே உலர்ந்த மணலில் உட்கார்ந்திருந்த நான் பதில் சொன்னேன். இடத்தில் இருப்பவர்களுக்குப் பயம் வந்தால் அவர்களை வரவிடுங்கள். வந்து ஒன்றும் நடக்காமல் போனால் உங்களைக் கேலி செய்வார்கள், அவ்வளவுதானே.

வெயில் ஏறியதும் சுண்ணாம்புக்குளத்து அக்கா ஒருத்தி துறைக்கு வந்தாள். கோட்டைச் சுவர்ப் பூச்சுக்குச் சுண்ணாம்பு சுடுவார்களே, அந்தச் சூளைக்கு ஏரியில் இறங்கிச் சிப்பி பொறுக்குகிறவள். தினமும் இடுப்புத் தண்ணீரிலேயே நிற்கிறவள். அன்றைக்குக் கூடை காலியாக இருந்தது.

"இன்னாபா, இன்னிக்கு வத்தமே வரலியே?" என்றாள். வத்தம் என்றால் கடல் உள்வாங்கி ஏரித் தண்ணீர் இறங்குகிற நேரம். ஒரு நாளைக்கு இரண்டு தடவை வரும்.

"மெதுவா வரும்" என்பதுபோல் ஏதோ முனகினேன். அவள் விடவில்லை.

"நேத்து சாயங்காலமும் வரல, இன்னிக்கு காலையிலயும் வரல. வத்தத்துக்கு முட்டிக்குக் கீழ நிக்கற எடத்துல மார் வரைக்கும் நிக்குது. நான் எப்டி சிப்பி பொறுக்கறது?"

"நாக்குப் பாத்தேன்க்கா. உப்புதான்."

"உப்பா கீதா, இல்லியானு நான் கேக்கல. தண்ணி ஏன் எறங்கலனு கேக்கறேன்."

"சிப்பி பொறுக்கறவங்க சிப்பியப் பாருங்க" என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மேட்டுப் பக்கம் போய்விட்டாள். அன்று பகலிலேயே தன் வீட்டு ஆட்களையும் மேட்டுக்கு ஏற்றிவிட்டாள் என்று பிறகு தெரிந்தது. என்னிடம் மறுபடி சொல்லிப் பிரயோசனமில்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

உச்சிப்பொழுதுக்கு மேற்கேயிருந்து குடியானவர் ஒருவர் வந்தார். சேறு தொடைவரை அப்பியிருந்தது. ஊரில் மாடு கட்ட இடமில்லை, இரண்டு உழவு மாடுகளை அக்கரையில் இருக்கும் மாமனார் வீட்டில் விடவேண்டும், படகு கிடைக்குமா என்றார்.

"ஆறு வந்துடுச்சா உங்க பக்கம்?" என்று சும்மா கேட்டு வைத்தேன்.

"இன்னா இப்டி கேக்கறீங்க? முந்தாநா சாயங்காலமே கழனி மேல ஏறிடுச்சி. பயிரெல்லாம் போச்சி" என்றார் அவர்.

முந்தாநாள். நான் எழுந்து நின்றுவிட்டேன். அவர் ஊருக்கும் ஏரிக்கும் நடுவில் அரைநாள் நடைகூட இல்லை. முந்தாநாள் கழனியில் ஏறிய தண்ணீர் நேற்றே ஏரிக்கு வந்திருக்க வேண்டும். வந்திருக்கிறது. வந்து எங்கே போயிற்று? எங்கேயும் போகவில்லை. கடல் காற்று முகத்துவாரத்தில் அலையைத் தள்ளித் தள்ளி உப்புத் தண்ணீரை உள்ளே ஏற்றிக்கொண்டிருக்கிறது. அதுதான் துறையில் கரிக்கிறது. அந்த உப்புக்குப் பின்னால் ஆறு முழுக்கக் கதவு திறக்காமல் நின்றுகொண்டிருக்கிறது. காற்று விட்டதும் கடல் விடும். கடல் விட்டால் இரண்டு நாள் ஆறும் ஆறு நாள் மழையும் ஒரே மூச்சாக வெளியே போகும். போகிற வழியில் திட்டு இருக்கிறது.

நாக்கு பொய் சொல்லவில்லை. அதற்குத் தெரிந்ததைத்தான் சொன்னது. தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது என்பதை நான்தான் யோசிக்கவில்லை. அந்த அக்கா ஒரு கேள்வியில் அதைச் சொல்லியிருந்தாள்.

துறையிலிருந்த ஒருவனைக் கோட்டைக்கு ஓடச் சொன்னேன். பீரங்கி ஒன்று வெடித்தால் திட்டு வரைக்கும் கேட்கும், அவர்கள் உஷாராகிவிடுவார்கள் என்பது என் யோசனை. துபாசியும் கெஞ்சிச் சொல்ல, கோட்டைக்காரர்கள் தட்டாமல் வெடித்துக் கொடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாங்கள் நாலு பேர் பெரிய படகை எடுத்துக்கொண்டு, எதிர்காற்றில் கழி ஊன்றி ஊன்றிப் போனோம். எப்போதும் ஒரு நாழிகையில் போகிற தூரம், அன்றைக்கு மூன்று நாழிகை ஆயிற்று.

போய்ப் பார்த்தால் குடிசைகளில் கணுக்கால் தண்ணீர். எல்லம்மாவும் இரண்டு குழந்தைகளும் மட்டும் அங்கே இருந்தார்கள். மற்ற எல்லோரும் திட்டின் கடல் பக்க ஓரத்தில், படகு அணையும் இடத்துக்கு நேர் எதிர்க்கோடியில், கையை நெற்றிக்கு வைத்துக்கொண்டு வரிசையாக நிற்கிறார்கள். எங்களைக் கண்டதும் ஓடி வந்தார்கள்.

"கப்பல் எங்க மச்சான்?" என்றான் மச்சான்.

பழவேற்காட்டில் பீரங்கி வெடித்தால் கப்பல் வந்திருக்கிறது என்று அர்த்தம். பிறந்ததிலிருந்து எல்லோருக்கும் அதுதான் அர்த்தம். நான் மட்டும் அன்றைக்குப் புதிதாக ஓர் அர்த்தம் கண்டுபிடித்து, அதை யாருக்கும் சொல்லாமல் வெடிக்கச் சொல்லிவிட்டேன். மழைக்காலம் வருவதற்கு முன்னாலேயே உட்கார்ந்து பேசி வைக்காத சைகை சைகையே இல்லை. இப்போது மூன்று கொம்பு ஊதினால் மேட்டுக்கு ஏறு என்று வைத்திருக்கிறோமே, அது அந்த முட்டாள்தனத்துக்கு அப்புறம் வைத்தது. அதைக்கூட நீங்கள் விளையாட்டுக்கு ஊதுகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். ஊதுகிறவன் என் கையில் கிடைத்தால் தெரியும்.

இனிமேல் சொல்லப்போவதுதான் விஷயம்.

படகிலிருந்து இறங்கி நின்றேன். பதினாலு பேரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். சொல்ல வேண்டியது ஒரே வரி. காலையில் நான் சொன்னது தப்பு, ஏறுங்கள். அந்த ஒரு வரி என் வாயில் வரவில்லை. நாக்குப் பார்ப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று பேர் எடுத்தவன் நான். பதினாலு பேருக்கு நடுவில், அதுவும் தங்கை புருஷன் எதிரில், எப்படிச் சொல்வது என்று ஒரு கணம் யோசித்தேன். யோசித்துவிட்டு வேறொன்றைச் சொன்னேன்.

"கோட்டை உத்தரவு. எல்லாரும் ஜல்தியா கெளம்பணுமாம்."

மச்சான் சிரித்தான். "நம்ம ஏரியப் பத்தி அவங்களுக்கு இன்னா தெரியும்? அத வுடு. நீ நாக்குப் பாத்தியா?"

அவன் குனிந்து காலடித் தண்ணீரையே மொண்டு வாயில் வைத்தான். "தோ, உப்புதான் கரிக்குது. ரெண்டு நாள் தாங்கும்னு காலையில நீதானே சொல்லி அனுப்ச்ச?"

"உத்தரவுன்னா உத்தரவுதான். கெளம்பு மச்சான்."

"உத்தரவு போட்டவன வந்து வலைய அவுக்கச் சொல்லு. இன்னிக்குதான் எறால் வந்து கீது. நீ பேசிகினு இரு, ரெண்டு கூடை அள்ளிகினு வந்துர்றேன்." கூடையை எடுத்துக்கொண்டு கால்வாய்ப் பக்கம் நடந்துவிட்டான்.

நான் மற்றவர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றேன். கோட்டை என்றால் வரி கேட்பார்களா என்று ஒருவர் கேட்கிறார். திட்டைப் பிடுங்கிக்கொள்ளப் போகிறார்கள், அதற்குத்தான் கிளப்புகிறார்கள் என்கிறார் இன்னொருவர். நான் சொன்ன பொய்க்கு ஏற்றபடி கேள்வி வருகிறது, ஒவ்வொன்றுக்கும் நான் இன்னொரு பொய் சொல்கிறேன். உலையில் தண்ணீர் கொதிக்கிற நேரம் இப்படியே போயிற்று.

எல்லம்மாதான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "அண்ணா, நெஜமா இன்னா ஆச்சு?" என்றாள்.

"காலையில நான் சொன்னது தப்புமா" என்றேன். "ஆறு நேத்தே வந்துடுச்சி. கடலு அத வெளிய வுடாம புடிச்சிகினு கீது. காத்து நின்னா அம்மாம் தண்ணியும் இந்தத் திட்டு மேலதான் போவும்."

அவ்வளவுதான். நான் பயந்த கேள்வி எதையும் ஒருவரும் கேட்கவில்லை. ஏன் தப்பாகச் சொன்னாய் என்று கேட்கவில்லை, முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. அடுத்த கணம் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு படகைப் பார்த்து ஓடினார்கள். ஓடும்போதும் ஒருத்தி அம்மிக்கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒரு மனுஷன் உலர்ந்த இறால் மூட்டை இரண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். அம்மியைப் பிடுங்கித் தண்ணீரில் போட்டேன், மூட்டையையும் தள்ளினேன். அவர்கள் என்னை வைத வசவை வாத்தியார் எழுதமாட்டார்.

எல்லம்மா கால்வாயைப் பார்த்து அவனைக் கூப்பிட்டாள். நானும் கூப்பிட்டேன். அவன் கூப்பிடு தூரத்துக்கு அப்பால், வலையருகே இடுப்புத் தண்ணீரில் நின்றான். அலைச் சத்தத்தில் எங்கள் குரல் போய்ச் சேரவில்லை. திரும்பிப் பார்த்தான். கூடை நிறைந்திருக்கிறது என்று எங்களுக்குக் காட்ட, அதை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினான்.

அப்போது காற்று நின்றது. சொல்லி வைத்தாற்போல் நின்றது. படகு தானாகக் கடல் பக்கம் நகர ஆரம்பித்தது. நாலு கழியும் ஊன்றி நிறுத்தினோம். என் கூட்டாளி என் முகத்தைப் பார்த்து, "கால்வாய்க்குப் போனா எல்லாரும் போவோம்" என்றான், மெதுவாக, எல்லம்மா காதில் விழாமல். எங்கள் நாலு பேரைத் தவிர படகில் பதிமூணு பேர், அதில் ஆறு குழந்தைகள். நான் ஏரியின் உள்பக்கம், மேட்டைப் பார்த்துக் கழி ஊன்றச் சொன்னேன். அது சரியான முடிவு. இன்றைக்கு நடந்தாலும் அதைத்தான் செய்வேன், நீங்களும் அதைத்தான் செய்யவேண்டும். நாங்கள் நூறு முழம்கூடப் போயிருக்க மாட்டோம், பின்னால் கால்வாய் மணல் இடிந்து விழுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தபோது வலைக் குச்சிகள் இல்லை, குடிசைகள் சாய்ந்துகொண்டிருந்தன. இருட்டுவதற்குள் திட்டே இல்லை.

மூன்றாம் நாள், வடக்கே கரையொதுங்கியவனைக் கொண்டுவந்து அடக்கம் செய்தோம்.

அதற்கப்புறம் ஊர் என்னைக் கொண்டாட ஆரம்பித்தது. பதிமூணு உயிரைக் காப்பாற்றியவன் என்றார்கள். உங்களிடமும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். கருமாதி அன்றைக்குக்கூட வந்தவர்கள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. எல்லோரும் போன பிறகு எல்லம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அதுவரை என்னோடு அவள் பேசவில்லை.

"உப்புன்னு சொன்னதுக்கு உன்ன ஒண்ணும் சொல்லமாட்டேண்ணா" என்றாள். "நானும்தான் வாயில வெச்சிப் பாத்தேன், உப்பாதான் இருந்துச்சி. நீ தப்புன்னு சொல்லியிருந்தா அவரு அந்த நிமிஷமே கூடையப் போட்டுட்டு வந்திருப்பாரு. உன் பேச்சுன்னா அவருக்கு அம்மாம் நம்பிக்கை. எறங்கி வந்ததும் கோட்டை உத்தரவுன்னு சொன்னியே, அது எதுக்குண்ணா?"

அழுதேன். அவளும் அழுதாள். ஆனால் அந்தக் கேள்வியை அவள் திரும்பப் பெற்றுக்கொள்ளவில்லை.

நாளைக்கு மழை வலுக்கும் போலிருக்கிறது. கம்பத்தில் நாக்குப் பாருங்கள், தண்ணீர் இறங்கியதா என்றும் பாருங்கள், சிப்பி பொறுக்குகிறவர்களையும் கழனிக்காரர்களையும் கேளுங்கள். இவ்வளவும் செய்த பிறகும் ஒரு நாள் நீங்கள் சொன்னது தப்பாகப் போகும். எனக்குப் போனதுபோல் உங்களுக்கும் போகும். அன்றைக்குப் படகு கரை தட்டுவதற்கு முன்னாலேயே, கால் தண்ணீரில் படுவதற்கு முன்னாலேயே, நான் சொன்னது தப்பு, ஏறுங்கள் என்று தொண்டை கிழியக் கத்துங்கள். கோட்டையை இழுக்காதீர்கள், வானத்தை இழுக்காதீர்கள். மேட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு அவர்கள் உங்களை ஆசை தீர வையட்டும். வைவதற்கு எல்லோரும் இருப்பார்கள்.